அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன்: ஆஸ்பத்திரியில் கிருமி தொற்றாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

நெல்லை_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வயது 68, இருபது வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் கைராசிக்காரர், அவரைப் பற்றிக் கவலை இல்லை. ஆபரேஷன் முடிந்து அங்கே படுத்திருக்கப்போகும் நாட்களை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

காரணம் அம்மா. 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குக் கொரோனா என்று செய்தி வந்த சமயம். இரண்டு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று சொல்லி, மூன்றாவதில் படுக்கை கிடைத்தது. ஐந்து நாள் ஐசியூ. அப்புறம் தேறி வார்டுக்கு வந்துவிட்டார். வீடியோ காலில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று என்னை அதட்டினார். பதினோராம் நாள் ராத்திரி உடம்பு தூக்கிப் போடும் அளவுக்கு நடுக்கம், காய்ச்சல். ஐசியூவில் கழுத்தில் போட்ட லைனை, அதாவது மருந்து ஏற்றும் குழாயை, இன்னும் எடுக்கவில்லை, அது வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம் என்றார்கள். ரிப்போர்ட்டில் அசினட்டோபாக்டர் என்று ஒரு கிருமியின் பெயர். அதற்குக் கீழே மருந்துப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர், ஆர், ஆர். பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. சான்றிதழில் கொரோனா நிமோனியா என்றுதான் இருக்கிறது.

அங்கே தலை முதல் கால் வரை கவச உடை போடாத ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டு கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் திரை. அப்படியும் எப்படி வந்தது? அப்பா விஷயத்தில் நான் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை_பஷீர்

கார்த்தி அண்ணே, அம்மா விஷயம் கேட்டு மனசு கனத்துவிட்டது. என் யோசனை இதுதான்: காசு போனால் போகட்டும், புதுக் கட்டடமாகப் பார்த்துத் தனி ஏசி ரூம் எடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் பியூமிகேஷன், அதாவது மருந்துப் புகை போடுவது, ஒழுங்காக நடக்கிறதா என்று கேளுங்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம், ஒரு குறையும் இல்லை. ரூமுக்குள் நுழைந்தாலே டெட்டால் வாசனை தூக்கும்.

கைகழுவு_சிஸ்டர்

தம்பி கார்த்தி, நான் 32 வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி ஒன்பது வருஷம் தொற்றுத் தடுப்பு நர்ஸ். வார்டு வார்டாகப் போய் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று கோடு போடும் வேலை. நான் வருவது தெரிந்தால் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் ஓடிப்போய்க் குழாயைத் திறப்பார்கள். அங்கே எனக்கு வைத்த பட்டப்பெயரைத்தான் இங்கேயும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கவச உடை. அது போட்டுக்கொண்டவரைக் காப்பாற்ற வந்தது. படுத்திருப்பவரைக் காப்பாற்ற வந்தது என்று நாங்களே நம்பிவிட்டோம், அங்கேதான் தப்பு நடந்தது. சாதாரண நாளில் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் கையுறையைக் கழற்ற வேண்டும், கை தேய்க்க வேண்டும், தேவைப்பட்டால் புதுசு போட வேண்டும். 2021 மே மாதம் எங்கள் ஐசியூவில் 14 படுக்கை, ராத்திரி டூட்டியில் இரண்டு நர்ஸ். உடைக்குள் ஆறு மணி நேரம், தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, கண்ணாடி முழுக்க ஆவி. உள் கையுறை உடையோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கும். முதல் படுக்கையில் சளி உறிஞ்சிய கையோடு பதினாலாம் படுக்கையின் லைனைத் தொட்டவர்கள் உண்டு. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நானே கையுறை மேல் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அது அதற்கான பொருளே இல்லை. கையுறை போட்டதும் கை சுத்தம் என்று மனசு முடிவு பண்ணிவிடுகிறது. வெறும் கையாக இருந்தால் பிசுபிசுப்பாவது தெரியும்.

இதோடு மூச்சுக்காக நோயாளிகளை மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தோம். எச்சில் ஒழுகிக் கழுத்து லைன் மேல் ஒட்டிய பிளாஸ்டர் நனைந்து உரியும். திருப்பிப் போட நாலு பேர் வேண்டும், அதனால் அடிக்கடி பார்க்க முடியாது. மேலே ஸ்டீராய்டு, அது ஏற்றிவிடும் சர்க்கரை. கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

ஏழை நாட்டு ஆஸ்பத்திரி, அதனால்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி எடுத்த கணக்கில், 2020இன் கடைசி மூன்று மாதத்தில் இப்படி லைன் வழியாக வரும் ரத்தத் தொற்று முந்தைய வருஷத்தைவிட 47 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு முன் அங்கே வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்த விஷயம் அது. நம் நாட்டில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2020இல் பத்து ஆஸ்பத்திரிகளில் பார்த்தது: கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 17,534 பேரில் 3.6 சதவீதம் பேருக்கு இரண்டாவதாக ஒரு பாக்டீரியாவோ பூஞ்சையோ தொற்றியது. ஆனால் அப்படித் தொற்றியவர்களில் பாதிக்கு மேல், 56.7 சதவீதம் பேர், இறந்துபோனார்கள். அந்தக் கிருமிகளில் முதலிடம் கிளெப்சியெல்லா. இரண்டாவது, உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த அசினட்டோபாக்டர்.

உங்கள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அங்கே இல்லாத நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் என்னை நிறுத்தியது, வார்டுக்கு வந்த பிறகும் கழுத்து லைன் இருந்தது என்ற வரி. வார்டில் இருப்பவருக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படும். யாரும் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள். ஐசியூ ஆட்கள் வார்டில் எடுப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள், வார்டு ஆட்கள் ஐசியூவில் காரணமாகத்தான் விட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். நடுவில் ஐந்தாறு நாள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இந்த லைன் தொற்றைக் குறைத்துக் காட்டினார்கள், 2006இல் அதன் முடிவு வெளிவந்தது. கை கழுவு, லைன் போடும்போது நோயாளி உடம்பு முழுவதையும் சுத்தத் துணியால் மூடு, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, தொடையில் போடுவதைத் தவிர், தேவை முடிந்ததும் எடு. இவ்வளவுதான். புது மெஷின் வாங்கவில்லை, மார்பிள் போடவில்லை. ஆயிரம் லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 2.7 தொற்று என்று இருந்த நடுவளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. நான் வகுப்பு எடுக்கும்போது இதைச் சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். இதே விஷயத்துக்கு ஒரு மெஷின் விற்பவர் வந்தால் மாடி வரை கூட்டம்.

பஷீர் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்மலின் புகை போடுவதெல்லாம் பழைய காலத்து நம்பிக்கை. புகை போட்டுப் பூட்டிவிட்டு அழுக்கை அப்படியே விட்ட தியேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுத்த பிறகுதான் எந்த மருந்தும் வேலை செய்யும். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பார்த்துவிட்டு ஊர் ஊராக வைத்தார்கள். மனிதர் மேல் மருந்து தெளிக்காதே என்று மத்திய சுகாதார அமைச்சகமே அந்த மாதம் சொல்ல வேண்டி வந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையாவது செய்தால் ஜனங்களுக்கு நிம்மதி. டெட்டால் வாசனையும் அந்த ரகம்தான்.

சரி, அப்பா விஷயம். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) என்ன? 8க்கு மேல் இருந்தால் பல எலும்பு டாக்டர்கள் தேதியைத் தள்ளி வைப்பார்கள், அவசரப்பட்டு வற்புறுத்தாதீர்கள். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சேற்றுப்புண் இருந்தால் முன்னாடியே காட்டிவிடுங்கள். மூக்கில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் களிம்பு போடும் வழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். முந்தின நாளும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். முக்கியமாக, யாராவது முந்தின நாள் சாயங்காலம் பிளேடோடு வந்து காலைச் சிரைக்கிறேன் என்றால் நிறுத்துங்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாமல் தோலைக் கீறும், ராத்திரி முழுக்க அந்தக் கீறலில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் மெஷின் போதும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு உடம்பில் எத்தனை குழாய் இருக்கிறது என்று எண்ணுங்கள். கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றப் போடும் சின்னக் குழாய்), ஒருவேளை யூரின் டியூப், ஒருவேளை ரத்தம் வடிய ஒரு குழாய். தினம் காலை ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி: "டாக்டர், இது இன்னும் வேண்டுமா?" வேறெதுவும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இதைக் கேளுங்கள். இதில் யாரும் கோபப்பட இடமே இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருக்கும். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையையும் தொடக் கூடாது. எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றில் வைப்பார்கள், அப்படி வைத்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். வென்ஃப்ளான் இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள். ஊசி மருந்து ஏற்றும் முன் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 வினாடி தேய்க்க வேண்டும். ஒரே சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு வார்டு முழுவதற்கும் உறிஞ்சினால், நேராகத் தலைமை நர்ஸிடம் போங்கள்.

கை விஷயத்தில் மட்டும் போலீஸ்காரர் மாதிரி கேட்காதீர்கள். சானிடைசர் பாட்டிலைக் கட்டிலின் கால்மாட்டில், வருகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். வருபவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நீங்கள் முதலில் தேய்த்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுப் பேர் தானாகக் கை நீட்டுவார்கள், இது என் அனுபவக் கணக்கு. ஆஸ்பத்திரி வைத்த பாட்டில் மூன்று நாளாகக் குறையாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

உங்கள் சொந்தக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர் ஆப்பிளோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொட்டுப் பார்த்து, கட்டைத் தூக்கி "எங்கே, எத்தனை தையல்?" என்று கேட்பார்கள். கொரோனாவில் விசிட்டர் தடை போட்டபோது நாங்கள் ரகசியமாக சந்தோஷப்பட்டது இதற்காகத்தான்.

தட்டு_பார்ப்பவன்

நான் மைக்ரோபயாலஜி டாக்டர், கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பவன். சிஸ்டர் சொன்னதில் பெரும்பாலும் மறுபேச்சு இல்லை. ஒரு இடத்தில் மட்டும் சண்டை போடுகிறேன். எல்லாம் கைப்பழக்கம் என்று முடித்துவிட்டால் பழி நர்ஸ் மேல் போய் விழும். கணக்குப் போடுங்கள்: ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளி, ஒருவரை ஒரு ஷிப்டில் பத்துத் தடவை தொடுகிறார், ஒவ்வொரு தடவையும் 30 வினாடி தேய்க்கிறார். அதற்கே 40 நிமிஷம். தொடும் முன்னும் தொட்ட பின்னும் என்றால் இரட்டிப்பு. பெருந்தொற்றில் அது எட்டு அல்ல, இருபது. ஆள் போடாமல் சுவரில் கை கழுவும் படம் ஒட்டுவது ஏமாற்று வேலை.

கார்த்தி, அந்த ஆர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். முதல் அலையிலேயே, பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல், வைரஸ் காய்ச்சலுக்குப் பெரிய பெரிய ஆன்டிபயாடிக் கொடுத்தோம். பலவீனமான கிருமி செத்தது, முரடு மட்டும் மிஞ்சி வார்டில் தங்கியது. பூஞ்சையிலும் இதே கதை. டெல்லியில் ஒரு கொரோனா ஐசியூவில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 596 பேரில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை, அதில் 10 பேருக்குக் கேண்டிடா ஆரிஸ். 2009இல்தான், ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து, முதன்முதலில் பெயர் வைத்த பூஞ்சை அது. கட்டில் கம்பியிலும் மானிட்டர் பட்டனிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசனையாகத் துடைக்கும் பல திரவங்களுக்கு அசையாது, குளோரின் வேண்டும். கொரோனா போனதும் அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

அதனால் அப்பாவுக்குப் "பவரான" மருந்து போடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஊசிதான் முக்கியம், அது தவறக் கூடாது. ஆபரேஷன் முடிந்த பிறகு நாள்கணக்கில் தொடர்வதால் லாபம் இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொன்னது. நம் ஊரில் பத்து நாள் மாத்திரை எழுதாவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். நோயாளி நச்சரிப்பார் என்று டாக்டரும் எழுதிவிடுகிறார்.

இன்னொன்று. தனி ஏசி ரூம் நல்லதுதான், ஆனால் ஜன்னலைத் திறக்க முடிகிற ரூமாக இருந்தால் இன்னும் நல்லது. இருமிக்கொண்டு வருகிற விருந்தாளிக்கு ஏசி எந்தத் தடையும் இல்லை.

கைகழுவு_சிஸ்டர்

டாக்டர் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆள் கேட்டு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை ஆகும். அதே சமயம் நாலு நோயாளி மட்டும் இருக்கிற வார்டிலும் கை தேய்க்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் நர்ஸை விட டாக்டர் அதிகம், பெரிய டாக்டர் இன்னும் அதிகம். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லையே.

தட்டு_பார்ப்பவன்

சிஸ்டர், அதற்குப் பதில் சொன்னால் நாளைக்கு என்னைக் கேண்டீனில் சேர்க்க மாட்டார்கள்.

நெல்லை_கார்த்தி

அப்பா வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

சிஸ்டர் சொன்னபடியே முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் கிண்ணமும் பிளேடுமாக வந்தார். வேண்டாம், கிளிப்பர் இருக்கிறதா என்றேன். "முப்பது வருஷமா சிரைக்கிறேன் சார்" என்று அவருக்கு வருத்தம். வார்டு சிஸ்டர் எங்கேயோ போன் பண்ணினார், அரை மணி நேரத்தில் கிளிப்பர் வந்தது. தியேட்டர் ஸ்டோரில் புது டப்பாவோடு சும்மா இருந்ததாம்.

யூரின் டியூபோடு வெளியே வந்தார். இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார், அப்பாவைப் பார்த்தார், "வாக்கர் பிடிச்சு நடக்கிறாரே, எதுக்கு இது? எடுத்துடுங்க சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம். இடது கையில் வென்ஃப்ளான் இடம் சிவந்ததும் சொன்னேன், கழற்றி வேறு இடத்தில் போட்டார்கள். சானிடைசர் வித்தையும் பலித்தது. ஒரே ஒரு நர்ஸ் மட்டும் முறைத்தார், ஆனால் தேய்த்துவிட்டுத்தான் முறைத்தார். கட்டிலில் உட்கார வந்த பெரியப்பாவை அப்பாவே எழுப்பிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து மாத்திரை மூன்று நாள்தான் எழுதினார்கள். குறைச்சலாக இருக்கிறதே என்று கேட்க வாய் வரை வந்தது, தட்டு பார்க்கும் டாக்டரை நினைத்து விழுங்கிவிட்டேன்.

அந்த ஒரு நிமிஷம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்கு அந்த ஐந்தாறு நாளில் ஒரு நாள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால்? பதில் வேண்டாம், சும்மா எழுதினேன்.

கைகழுவு_சிஸ்டர்

வேண்டாம் என்றாலும் சொல்வேன். யாரிடம் கேட்டிருப்பீர்கள்? அன்றைக்கு உங்களை வாசல் தாண்டி விட்டிருக்க மாட்டார்கள். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும், கழுத்தில் இருந்தது தெரிந்திருக்காது. விசிட்டர் தடை போட்டபோது சந்தோஷப்பட்டோம் என்று மேலே எழுதினேனே, அதை எழுதிய ராத்திரியே எனக்கு உறுத்தியது. கட்டிலில் உட்காருகிற பெரியப்பாவோடு சேர்த்து, கேள்வி கேட்கிற மகனையும் நாங்கள் வெளியே நிறுத்திவிட்டோம்.

தையல் என்றைக்குப் பிரிக்கிறார்கள்? கட்டு நனைந்தால் வீட்டில் பிரிக்காதீர்கள், அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். காலைச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, அதை எழுதவே இல்லையே?

நெல்லை_கார்த்தி

வர்ற வியாழக்கிழமை பிரிக்கிறார்கள் அக்கா. இன்றைக்குக் காலை 142. நேற்று 190. பெரியம்மா அதிரசம் கொண்டு வந்திருந்தார்.